பள்ளிக்கூடத்தின் கூரைக்கு மானியம் மறுப்பது அநீதி

வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் தகடு பொருத்துகிறவருக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் தருகிறது. தொழிற்சாலைக் கூரையில் தகடு பொருத்தும் நிறுவனம், அதன் விலையில் 40 சதவீதத்தை ஆண்டுத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அதே தகட்டைக் குழந்தைகள் காப்பகத்தின் கூரையிலோ, கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் உதவிபெறும் பள்ளியின் கூரையிலோ, அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையின் கூரையிலோ வைத்தால் இந்த இரண்டில் ஒன்றும் கிடையாது. மானியம் வீடுகளுக்கு மட்டும். தேய்மானச் சலுகையோ லாபத்துக்கு வரி கட்டுகிறவருக்கு மட்டுமே பயன்படும். அறப்பணி செய்கிற நிறுவனம் லாபம் ஈட்டுவதில்லை, வரி கட்டுவதில்லை. ஆகவே கழித்துக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. ஊருக்கு அதிகம் உழைக்கிற நிறுவனங்கள் இப்படி இரண்டு வரிசையிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. இது அநீதி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2015 டிசம்பரில் கூரைச் சூரிய மின்சாரத்துக்காக ஒன்றிய அமைச்சரவை 5,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, வீடுகளோடு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, முதியோர் இல்லம், காப்பகம், அறக்கட்டளை எல்லாம் பட்டியலில் இருந்தன. அரசு வகுத்த அடிப்படை விலையில் 30 சதவீதம் அவற்றுக்கு மானியம். வணிக நிறுவனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அப்போதே மானியம் இல்லை. அவர்களுக்குத் தேய்மானச் சலுகை இருந்தது. அந்தப் பாகுபாட்டில் நியாயம் இருந்தது. 2019 பிப்ரவரியில் 11,814 கோடி ரூபாயில் இரண்டாம் கட்டம் வந்தபோது மானியம் வீடுகளுக்கு மட்டும் என்றானது. பணம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பள்ளியும் மருத்துவமனையும் பட்டியலிலிருந்து போயின. 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாயில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டமும் அதே வழியில்தான் நடக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுவான லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கிறது. காப்பகத்துப் பிள்ளைகளின் மின்விசிறிக்குக் கிடைக்காது.

அரசுக் கட்டடங்களின் நிலை வேறு. அவற்றின் கூரைகளில் தகடு பொருத்தி முடிக்க ஒன்றிய அரசு தனியாக இலக்கு வைத்தது. தாமதமானாலும் என்றாவது வரும். நடுவில் விடுபட்டவை அரசுக் கட்டடமும் அல்லாத, வீடும் அல்லாத, லாபக் கடையும் அல்லாத நிறுவனங்கள். குமரி மாவட்டத்தில் அவை எத்தனை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். அந்த எண்ணைத் தந்தவை அரசுப் பள்ளிகள் மட்டுமல்ல. ஊர்க்கமிட்டிகளும் சபைகளும் சமுதாயச் சங்கங்களும் தொடங்கிய பள்ளிகள் இங்கே மேற்கே களியக்காவிளை முதல் கிழக்கே ஆரல்வாய்மொழி வரை நிற்கின்றன. பெண்கள் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்த பிடியரிசியில் எழுந்த கட்டடங்களும் அவற்றில் உண்டு. நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838இல். ஊரில் அரசு ஆஸ்பத்திரி என்ற எண்ணமே வராத காலம் அது. இன்றும் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கூரையும் கழிப்பறையும் கரண்ட் பில்லும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில்தான். கணினி அறை வந்தது, ஸ்மார்ட் வகுப்பு வந்தது, பில்லும் கூடவே வந்தது.

மின்சார மானியம் யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்பதில் இந்த மாவட்டத்துக்கு நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றை நாடே அறிந்தது 1980களில். டென்மார்க் அரசின் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாறிலும் மாதிரிக் காற்றாலைகள் நின்றன. பிறகு ஒன்றிய அரசு ஒரு சலுகை தந்தது: காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும், நூற்றுக்கு நூறு, முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம். 1990களின் நடுவில் கம்பெனி வரி, சர்சார்ஜ் சேர்த்து 46 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வைத்த கம்பெனிக்கு அந்த ஆண்டு கட்டவேண்டிய வரியில் 46 லட்சம் கையில் நின்றது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைகள் வந்தன. சிமெண்ட் கம்பெனிகள் வந்தன. மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொழில் செய்தவர்களும் வந்தார்கள். முப்பந்தலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள காற்றாலைகளின் திறன் இன்று ஏறத்தாழ 1,500 மெகாவாட் என்கிறார்கள். ஆசியாவின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று. நம் ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடி என்பார்கள்.

வந்த ஆலைகளைக் குறை சொல்வது நம் நோக்கம் இல்லை. சட்டம் தந்ததை எடுத்துக்கொண்டார்கள். அந்த மின்சாரம் ஆயிரக்கணக்கான தறிகளையும் கதிர்களையும் ஓட்டியது, பல லட்சம் பேருக்குக் கூலி தந்தது. நாம் கேட்பது அரசை. தோவாளை, ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் வட்டாரத்தில் காற்றாலைக்காக நிலம் கைமாறியது. காற்று இங்கே வீசியது, விசிறி இங்கே சுற்றியது, மின்சாரம் மின்வாரியக் கம்பி வழியாக முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. காற்று காலத்தில் மிஞ்சியதை வாரியத்தில் சேமித்துவைத்து, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு வசதி இருந்தது. அதே ஆண்டுகளில் காத்தாடிக்குக் கீழே இருந்த பள்ளியும் ஆஸ்பத்திரியும் கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரை இழுத்துவிட்டன. சலுகை பெறுவதற்கு வரி கட்டும் தகுதி தேவைப்பட்டது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது இல்லை.

இன்னொரு பாடமும் முப்பந்தலில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மானியம் கேட்பது நேர்மையாகாது. தேய்மானச் சலுகை இயந்திரம் வாங்கியதற்குக் கிடைத்தது, மின்சாரம் எடுத்ததற்கு இல்லை. செப்டம்பர் 30க்குள் நிறுவினால் முழுச் சலுகை, மார்ச் 31க்குள் நிறுவினால் பாதி. தேதியைப் பார்த்து நிறுவினார்களே தவிர, காற்றைப் பார்த்து நிறுவியவர்கள் குறைவு. பொருந்தாத இடத்தில் நின்ற இயந்திரங்களும், பழுதானபின் திரும்பிப் பார்க்கப்படாத இயந்திரங்களும் அந்தக் காலத்தின் மிச்சம். 2009 டிசம்பரில் அரசு வழியை மாற்றியது: வாரியத்துக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை, தேய்மானச் சலுகை வேண்டுமானால் இது கிடையாது. மீட்டர் ஓடினால்தான் பணம். அதுதான் சரியான வழி. 2012 ஏப்ரலில் இரண்டு சலுகையும் நின்றபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2011-12இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் காற்றாலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அது 1,700 ஆகச் சுருங்கியது. அரசு பின்வாங்கியது. யூனிட்டுக்கான ஊக்கத்தொகை 2013இலும், தேய்மானச் சலுகை 2014இலும் திரும்ப வந்தன. 2017 முதல் தேய்மான விகிதம் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டு இன்றுவரை நீடிக்கிறது. யூனிட்டுக்கு 50 காசு தந்த நல்ல திட்டம் அதே 2017 மார்ச்சோடு முடிந்தது. எது நிலைத்தது, எது போனது என்பதிலேயே அரசு யார் பேச்சைக் கேட்கிறது என்பது தெரிகிறது. நூற்பாலை சங்கங்கள் டெல்லியில் பேச முடியும். திருவட்டாறில் உள்ள ஒரு காப்பகத்துக்காக டெல்லியில் பேச யாரும் இல்லை.

மானியம் எதற்கு, தகட்டின் விலைதான் இறங்கிவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. விலை இறங்கியது உண்மை. 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமானது, அதை வரவேற்கிறோம். ஆனாலும் ஒரு நடுத்தரப் பள்ளிக்குப் பத்துக் கிலோவாட் வேண்டும் என்றால் ஐந்து, ஆறு லட்சம் ரூபாய் ஒரே நேரத்தில் கையிலிருந்து போக வேண்டும். ஐந்தாறு ஆண்டில் திரும்பிவிடும் என்பது கணக்கில் சரி. அந்தப் பணம் முதலில் எங்கிருந்து வருவது? அறக்கட்டளைச் சொத்தை அடமானம் வைப்பது எளிதல்ல, வைக்கவும் கூடாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு மனுப்போடச் சொல்கிறார்கள். அரசு விட்டுக்கொடுத்த வரி கம்பெனியின் கையில் நின்று, அதில் ஒரு துளி நன்கொடையாகப் பெயர்ப்பலகையோடு பள்ளிக்கு வருவதைவிட, பொதுப்பணம் உரிமையாக நேராக வருவதே பள்ளியின் மானத்துக்கு உகந்தது.

பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலையும் விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. வெயில் கொளுத்துவது ஏப்ரலிலும் மே மாதத்திலும். பள்ளி பூட்டியிருப்பதும் அப்போதுதான். வீடுகளுக்கு நெட் மீட்டரிங் உண்டு. மிஞ்சி வாரியத்துக்குப் போகும் யூனிட், வாங்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கழியும். வீடல்லாத இணைப்புகளுக்குப் பெரும்பாலும் நெட் பில்லிங்: தான் வாங்கும் யூனிட்டுக்கு முழுக் கட்டணம், தான் கொடுக்கும் யூனிட்டுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த குறைந்த விலை. கோடை விடுமுறையில் பள்ளியின் கூரை விளைவித்த மின்சாரம் இப்படி அடிமாட்டு விலைக்குப் போகிறது.

இதற்கு மேல் நெட்வொர்க் கட்டணம். 2021 அக்டோபரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையோடு வந்தது அது. கம்பிக்குப் போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கூரையில் உற்பத்தியாகும் எல்லா யூனிட்டுக்கும் கணக்கிட்டார்கள்; தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேல். கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைப் பறித்து வீட்டு அடுப்பில் வைப்பவரிடம் வடசேரிச் சந்தையின் சுங்கத்தைக் கேட்பதற்கு இது சமம். வாரியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. சூரியன் மறைந்தபின் எல்லோரும் அதன் கம்பியைத்தான் நம்புகிறார்கள், அந்தக் கம்பியைக் காப்பதற்குச் செலவு ஆகிறது. அதற்குத்தான் நிலைக்கட்டணம் வாங்குகிறார்களே. 2023இல் சிறுதொழில் முனைவோர் கதவடைத்துப் போராடியபின் அவர்களுக்கு இந்தக் கட்டணம் பாதியாகக் குறைந்தது. ஒன்றிய அரசு ஒரு கையால் கொடுக்க மறுத்ததை, மாநிலம் இன்னொரு கையால் பிடுங்கவும் செய்தது என்பதே நம் தீர்ப்பு. போராடியவருக்குப் பாதி குறைத்தது போதாது. தன் கூரைக்குக் கீழேயே செலவாகும் யூனிட்டுக்கு யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது.

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தின் மேல் விழுந்தது. ரப்பரும் வாழையும் தென்னையும் சரிந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் கரண்ட் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. நீரோடி முதல் சின்னமுட்டம் வரை கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தைக்காகக் குடும்பங்கள் காத்திருந்தன; கையிலிருந்த போனில் சார்ஜ் இல்லை. மேலே கோதையாறு நீர்மின் நிலையம், கிழக்கே முப்பந்தல், அதற்கப்பால் கூடங்குளம். இத்தனை மின்சாரத்துக்கு நடுவில் இருந்த மாவட்டம் இருட்டில் கிடந்தது. மக்கள் ஒதுங்கிய இடங்கள் எவை? பள்ளிகள், கோயில்கள், சமுதாயக் கூடங்கள். அந்தக் கூரைகளில் தகடும் உள்ளே பேட்டரியும் இருந்திருந்தால் விளக்கும் போனும் தண்ணீரும் இருந்திருக்கும்.

பேட்டரி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நடுப்பகலில் கொதிக்கும் வெயிலில்கூட அந்தக் கூரை உதவாது. பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் புயல் நாளில் பயன். வீடுகளுக்குத் தரும் மானியத்திலேயே பேட்டரிக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. புயல் காலத்தில் நிவாரண முகாமாகத் திறக்கப்படும் ஒவ்வொரு பள்ளிக்கும் பேட்டரியோடு கூடிய அமைப்பை அரசு முழுச் செலவில் நிறுவித் தர வேண்டும். அது பேரிடர்த் தயார்நிலையின் பகுதி. மானியம் என்ற பெயரே அதற்குப் பொருந்தாது.

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் இதே குறை இருந்தது: சோலாருக்கு அரசு தந்தது வரிக்கழிவு மட்டும், பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் லாபநோக்கற்ற மருத்துவமனைக்கும் அது எட்டவில்லை. 2022இல் வந்த சட்டம், வரி கட்டாத நிறுவனங்கள் அந்தக் கழிவுக்குச் சமமான தொகையை அரசிடமிருந்து நேராகப் பணமாகவே பெறலாம் என்றது. 2025இல் ஆட்சி மாறியபின் சோலாருக்கான சலுகைகளே வெட்டப்பட்டன என்பது வேறு கதை. பிரிட்டனில் 2025 மார்ச்சில் இருநூறு பள்ளிகளுக்கும் இருநூறு மருத்துவ இடங்களுக்கும் கூரைத் தகடு வைக்க அரசு பணம் அறிவித்தது. நம்மைவிட வெயில் குறைந்த நாடு அது.

நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் சாண எரிவாயுவிலும் சமையல் கழிவு எரிவாயுவிலும் செய்த பணிக்கு 2006இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது வந்தது. விடுதிச் சமையலறையில் மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும் அடுப்புக்கு வாயுவாகி, கடைசியில் தென்னைக்கு உரமாவதை நேரில் பார்க்க நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை. உயிரி எரிசக்திக்கான ஒன்றியத் திட்டத்தில் நிறுவனங்களும் உதவி பெற வழி இருக்கிறது. இதை அறிந்த பள்ளி நிர்வாகிகள் மிகச் சிலர். அறிவிக்க வேண்டிய கடமை மாவட்ட நிர்வாகத்துக்கும், 2024இல் உருவான தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் உண்டு.

சிறுதொழிலையும் விட்டுவிட முடியாது. அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீனைக் காக்கும் ஐஸ் பிளான்ட்கள் இரவும் பகலும் கரண்ட் குடிக்கின்றன. லாபம் குறைந்து வரியே கட்டாத ஆண்டில் இவற்றுக்கும் தேய்மானச் சலுகை வெறும் காகிதம். லாபம் பெருகிய கம்பெனிக்கு அதிகமாகவும், தள்ளாடும் தொழிலுக்குக் குறைவாகவும், அறப்பணிக்கு ஒன்றுமே இல்லாமலும் உதவி போய்ச் சேர்கிற ஏற்பாட்டை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எனவே கேட்கிறோம். 2019இல் எடுத்த 30 சதவீதத்தை அறப்பணி நிறுவனங்களுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஒன்றிய அரசு திருப்பித் தர வேண்டும். முப்பந்தலில் கற்ற பாடத்தை மறக்காமல், அதில் ஒரு பகுதியை நிறுவியதும், மீதியை ஐந்து ஆண்டுகள் மீட்டரில் ஓடும் யூனிட்டைப் பார்த்தும் தரட்டும்; ஓடாத தகட்டுக்குப் பொதுப்பணம் போக வேண்டாம். கட்டணக் கொள்ளை நடத்தும் பெரிய தனியார் பள்ளிகளும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளும் அறக்கட்டளை என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. உதவிபெறும் பள்ளி, பதிவுபெற்ற காப்பகம், முதியோர் இல்லம், நூலகம், ஏழைகளுக்கு இலவசப் படுக்கை வைத்திருக்கும் மருத்துவமனை என்று வரம்பு கட்டினால் போதும். பள்ளிகளுக்கு, விடுமுறை யூனிட் வீணாகாத வகையில், ஆண்டுக் கணக்கில் நெட் மீட்டரிங்கை மாநில ஆணையம் தர வேண்டும்.

பி.எம். சூர்ய கர் திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த திட்டத்தின் விதிகள் எழுதப்படும் நேரம் நெருங்குகிறது. பள்ளித் தாளாளர்களும் சபைக் கமிட்டிகளும் ஊர்த்தலைவர்களும் மருத்துவமனை அறங்காவலர்களும் உங்கள் நிறுவனத்தின் கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து, கூரையின் அளவையும் குறித்து, கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். தனித்தனியாக எழுதாதீர்கள்; மதம், சாதி, சபை பார்க்காமல் ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.